விறைத்த பொருளும் துவளும் பொருளும்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலை, ஆம்பூர், வாணியம்பாடி என்ற தோல் ஊர்களைத் தாண்டி, ஜவுளிக் கடைகளுக்குப் பேர்போன பர்கூரைத் தொட்டு, கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு ஏறுகிறது. பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் இரண்டு வகை ஆலைகள் இருக்கின்றன. ஒன்றில் காலணி தைக்கிறார்கள். இன்னொன்றில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். இரண்டுக்கும் ஆள் வருவது சுற்றுவட்டார ஊர்களிலிருந்து. இரண்டிலும் இளம்பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்கிறார்கள். இரண்டும் ஒரே கூலிச் சந்தைக்குள் இருக்கின்றன. ஆனால் ஸ்கூட்டர் ஆலையில் ரோபோக் கைகள் வரிசை கட்டி நிற்கின்றன. காலணி ஆலையில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருப்பவை மனிதக் கைகள்.

கூலி மலிவான நாட்டுக்கு ரோபோ வராது, கூலி உயர்ந்த நாட்டுக்குத்தான் வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் ஒரே வட்டாரத்தில், ஒரே கூலியில், ஓர் ஆலைக்கு ரோபோ வருகிறது, பக்கத்து ஆலைக்கு வரவில்லை என்றால் அந்த விளக்கம் போதாது. நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களைப் பார்ப்பதற்கு முன்னால், ரோபோவின் கைக்குள் வரும் பொருளைப் பார்க்க வேண்டும். உலக வரைபடத்தில் ரோபோக்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் முதல் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

ஸ்கூட்டரின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். எஃகுக் குழாய்களை வளைத்து, வெட்டி, பற்றவைத்துச் செய்வது அது. ஒரு குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: முன்பின், இடவலம், மேல்கீழ். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று. ஆறு எண்கள் தெரிந்தால் போதும், அந்தக் குழாயின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஏனென்றால் கையில் எடுக்கும்போது எஃகு வளைவதில்லை, சுருங்குவதில்லை, சற்று முன்பு இருந்த வடிவத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலை ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு மூட்டுகள் இருப்பதற்குக் காரணம் இந்த ஆறு எண்கள்தான். ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணினி கணக்குப் போடுகிறது. கையின் நுனி, வெல்டிங் துப்பாக்கியோடு, சொன்ன இடத்துக்குச் சொன்ன கோணத்தில் போய் நிற்கிறது. ஒரே இடத்துக்கு ஆயிரம் முறை போகச் சொன்னாலும் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் விலகாத கைகள் இன்று சாதாரணம்.

ஆனால் கை மட்டும் துல்லியமாக இருந்து பயனில்லை. குழாயும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் ஜிக். குழாயை வைத்து இறுக்கிப் பிடிக்கும் அந்த இரும்புப் பிடிமானத்தைப் பற்றி ரோபோ குறித்த செய்திகளில் யாரும் எழுதுவதில்லை. ஆலைக்குள் போய்க் கேட்டால் கதை வேறு. ரோபோ வெல்டிங்கில் குறை வந்தால் முதலில் பார்ப்பது ஜிக்கைத்தான். குழாய் வெட்டு சரியில்லாமல் இரண்டு குழாய்களுக்கு நடுவே இடைவெளி கூடிப்போனால் ரோபோவுக்கு அது தெரியாது. கைதேர்ந்த வெல்டர் இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் கையை மெதுவாக்குவார். ரோபோ பழைய வேகத்திலேயே போய் ஓட்டையைப் போட்டுவிட்டு வரும். இதைக் கண்டு திருத்தும் உணரிகள் இப்போது உண்டு. அவற்றுக்குத் தனி விலை. கை மட்டும் வாங்கினால் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது, ஜிக், வேலி, உணரி, நிரல் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை விழுங்கும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு.

1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நின்ற யூனிமேட் என்ற முதல் தொழில் ரோபோ செய்த வேலையும் இந்த வகைதான். ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்து, ஜோசப் எங்கல்பெர்கர் விற்ற அந்த இயந்திரம், அச்சு வார்ப்பில் இருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து வைத்தது. விறைத்த பொருள், ஒரே இடத்தில் வந்து விழும் பொருள், மனிதக் கை தொடக் கூடாத பொருள். கவாசாகி நிறுவனம் உரிமம் வாங்கி, 1969இல் ஜப்பானில் அதையே செய்யத் தொடங்கியது. அதன் பிறகான அறுபது ஆண்டு வரலாறு பெரும்பகுதி உலோகத்தின் வரலாறு: கார் உடல், வெல்டிங், வார்ப்பு, வண்ணப் பூச்சு. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்தபோது, 2021இல் ஏபிபி நிறுவனத்தின் ரோபோக்களைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் பெயிண்டிங், வெல்டிங் வரிசைகளுக்குத்தான். அதோடு பேட்டரி, மோட்டார் பொருத்தும் வரிசைகளுக்கு.

இனிக் காலணிக்கு வருவோம். தோலோ துணியோ எடுத்தால் ஆறு எண்கள் போதாது. அறுபதும் போதாது. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தொங்குகிறது. தொங்கும் விதம் ஈரப்பதம், நெசவு, தோல் வந்த மாட்டின் முதுகா வயிறா என்பதைப் பொறுத்து மாறுகிறது. பொருளைத் தொட்ட நொடியிலேயே அதன் வடிவம் மாறிவிடுவதால், தொடுவதற்கு முன்பு போட்ட கணக்கு வீண். தையல்காரப் பெண்ணின் விரல்கள் இதை நினைக்காமலே சமாளிக்கின்றன. இரண்டு துண்டுகளில் ஒன்று சற்று நீண்டிருந்தால், ஓரங்கள் சேர்ந்து முடியும்படி ஒன்றை இழுத்து மற்றதைத் தளர்த்திக் கொடுக்கிறாள். இந்த விரல் வேலையை ரோபோவியலில் துவளும் பொருள்களைக் கையாளும் சிக்கல் என்று தனித் துறையாகவே வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் துண்டு மடிக்கும் ரோபோ இன்னமும் ஆராய்ச்சிப் பொருள்.

பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். துவளும் பொருளைக் கையாளும் ரோபோவைச் செய்வதற்குப் பதில், பொருளைத் தற்காலிகமாக விறைக்க வைப்பது. 2016இல் ஜொனாதன் சோர்னோ என்ற அமெரிக்கர் துணியைத் தண்ணீரில் கரையும் பாலிமரில் தோய்த்துப் பலகை மாதிரி விறைக்க வைத்தார். சாதாரணத் தொழில் ரோபோ ஒன்று அதை எடுத்துத் தையல் இயந்திரத்தில் கொடுத்து முழு டி-ஷர்ட்டைத் தைத்தது. பிறகு வெந்நீரில் அலசியதும் துணி பழையபடி துவண்டது. நம் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதும் நூலைக் கொஞ்ச நேரத்துக்கு வேறு பொருளாக மாற்றிக்கொள்வதற்குத்தான். காலணி ஆலையிலும் இதே வழி வேறு உருவில் இருக்கிறது. மேல்தோலை லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சின் மேல் இழுத்து மாட்டியவுடன் அது விறைத்த பொருளாகிவிடுகிறது. ஆகவேதான் காலணித் தொழிலில் ரோபோக்கள் முதலில் நுழைந்த இடம் அந்தக் கட்டத்துக்குப் பின்னால்: பசை தெளிப்பது, அடித்தோல் ஒட்டும் இடத்தைச் சுரண்டுவது. தையல் கட்டத்துக்குள் அவை நுழையவில்லை.

இதை மீறப் பார்த்தது அடிடாஸ். ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ஸ்பீட்ஃபேக்டரி என்ற பெயரில் ரோபோ காலணி ஆலைகளை அமைத்தது. ஆசியாவில் லட்சக்கணக்கானோர் செய்யும் வேலை ஐரோப்பாவுக்குத் திரும்பிவிடும் என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை. ஆண்டுக்கு 40 கோடி ஜோடிக்கு மேல் விற்கும் நிறுவனத்துக்கு இரண்டு ஆலைகளும் சேர்ந்து சில லட்சம் ஜோடிகளையே தர முடிந்தது. அதுவும் சில வகைக் காலணிகளை மட்டும். 2019 நவம்பரில் மூடும் முடிவு வந்தது, 2020இல் உற்பத்தி நின்றது. அங்கே கற்ற நுட்பங்கள் வியட்நாம், சீனச் சப்ளையர்களுக்குப் போயின. பர்கூர்ப் பெண்களின் வேலை இன்று இருப்பதற்கு ஒரு பகுதிக் காரணம், துணியின் இயற்பியல் ஐரோப்பியக் கூலிக்கும் மசியவில்லை என்பது.

மின்சார வாகனத்துக்குள்ளேயே இந்த எல்லை ஓடுகிறது. அமெரிக்காவில் டெஸ்லா 2018இல் மாடல் 3 கார் உற்பத்தியை அதிவேகத்தில் தானியங்கிமயமாக்கப் போய் சிக்கிக்கொண்டது. பேட்டரி மேல் கண்ணாடி இழைப் பஞ்சு மெத்தையை வைக்கும் ரோபோ, பஞ்சைப் பிடிக்கத் தெரியாமல் உற்பத்தியையே மறித்தது. கடைசியில் அந்த ரோபோவையும் நீக்கினார்கள், அந்த மெத்தை தேவையே இல்லை என்று அதையும் நீக்கினார்கள். எந்த வாகன ஆலையை எடுத்தாலும் உடல் பற்றவைக்கும் கூடத்தில் ரோபோக்கள் நெருக்கமாக இருக்கும், பெயிண்ட் கூடத்தில் இருக்கும், இறுதிப் பொருத்தலில் குறைந்துவிடும். அங்கே வருபவை வயர் கட்டு, ரப்பர் குழாய், இருக்கை உறை, கேபிள். எல்லாம் துவள்பவை.

ஓலா ஆலையின் திட்ட எண்களை இந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2020 டிசம்பரில் தமிழக அரசோடு 2,400 கோடி ரூபாய் ஒப்பந்தம், 500 ஏக்கர், முழுத் திறனில் ஆண்டுக்கு ஒரு கோடி வண்டிகள், 3,000க்கும் மேற்பட்ட ரோபோக்கள், 2021 செப்டம்பரில் அறிவித்தபடி 10,000 பெண்கள், ஆலை முழுவதும் பெண்களே. உலகப் பட்டியல்களில் நாடுகளை ஒப்பிடப் பயன்படும் அளவுகோல், உற்பத்தித் துறையில் 10,000 தொழிலாளர்களுக்கு எத்தனை ரோபோக்கள் என்பது. ஆகவே இந்தத் திட்டத்தின் அடர்த்தி 3,000. பன்னாட்டு ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கில் 2023இல் உலகிலேயே முதலிடத்தில் இருந்த தென்கொரியாவின் அடர்த்தி 1,012. அப்படியானால் போச்சம்பள்ளி, கொரியாவை மூன்று மடங்கு மிஞ்சிவிடும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கொரியாவின் 1,012 என்பது அங்குள்ள எல்லா ஆலைகளின் சராசரி: கார், சிப், துணி, உணவு எல்லாம் சேர்த்து. கொரியாவின் வாகனத் துறையை மட்டும் தனியே எடுத்தால் 2021இல் 2,867. ஆக, ஓலா தீட்டியது கொரியக் கார் ஆலைகளின் அளவிலான திட்டம். அது காகிதத்தில் இருந்த உயரம். 2024-25 நிதியாண்டில் நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வண்டிகள் சுமார் 3.59 லட்சம், ஓசூரிலேயே ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ், ஏத்தர் ஆகியவை போட்டிக்கு நிற்கின்றன. ரோபோவின் பொருளாதாரம் அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. வண்டி விற்கவில்லை என்றால் ஆளை வேறு வேலைக்கு மாற்றலாம், ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்பிவிடவும் செய்கிறார்கள். கடன் வாங்கி நிறுவிய கைக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் இதற்கு நல்ல உதாரணம். பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் இரண்டு மூன்று மாதங்களில் அந்த ஆலைகளில் இரவு பகல் கிடையாது. கொட்டையைப் பிரித்துக் கூழாக்கவும், கிருமி நீக்கி நிரப்பவும் நல்ல இயந்திரங்கள் இருக்கின்றன. பழத்தைத் தரம் பிரிக்கும் வேலையில் ஆட்கள் நிறைய. மீதி மாதங்களில் சும்மா நிற்கப்போகும் ஒரு கைக்கு யார் பணம் போடுவார்?

அடர்த்தி எண்ணைப் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை. அது இயந்திரமயமாதலின் அளவு அல்ல. பன்னாட்டுத் தர வரையறைப்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில் அசையும், மறுபடி நிரல் மாற்றக்கூடிய, பல வேலைக்குப் பயன்படும் கைதான் தொழில் ரோபோ. இந்த வரையறைக்குள் கோயம்புத்தூரின் நூற்பாலைகள் வராது. அங்கே அறுந்த நூலைத் தானே கண்டுபிடித்துத் தானே முடியும் இயந்திரங்கள் ஓடுகின்றன, நிறைந்த கண்டுகளைத் தானே எடுத்துக் காலிக் கண்டுகளை மாட்டும் இயந்திரங்கள் ஓடுகின்றன; நூறு பேர் நின்ற கூடத்தில் ஒரு சிலர் நடக்கிறார்கள். ரோபோக் கணக்கில் அவற்றுக்குப் பூஜ்யம். கிருஷ்ணகிரியின் கிரானைட் மெருகேற்றும் வரிசைகளும், ஓசூரின் சிஎன்சி இயந்திரங்களும், கைக்கடிகாரப் பாகங்களைக் கோக்கும் தனிப்பயன் வரிசைகளும் அப்படியே. ஒரே வேலையை மட்டும் செய்யும் இயந்திரம் எத்தனை பேரின் வேலையை எடுத்துக்கொண்டாலும் ரோபோ ஆவதில்லை. வேலை இழப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ரோபோ எண்ணை மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டில் நடந்து முடிந்த பெரிய மாற்றத்தைத் தவறவிடுவார்கள்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நாடுகளைப் பார்க்கலாம். 2024இல் உலகெங்கும் புதிதாக நிறுவப்பட்ட தொழில் ரோபோக்கள் சுமார் 5.42 லட்சம். அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 2.95 லட்சம், சீனாவில். அடுத்து ஜப்பான், அமெரிக்கா, தென்கொரியா, ஜெர்மனி. ஆறாவது இடம் இந்தியாவுக்கு: ஏறக்குறைய 9,100. இந்தியாவில் நிறுவப்பட்டவற்றில் 45 சதவீதம் வாகனத் துறையில். ஆறாம் இடம் என்ற செய்தி கொண்டாட்டத்தோடு வெளியானது. மக்கள்தொகையில் நமக்கு நிகரான சீனா நம்மைப் போல் முப்பது மடங்குக்கு மேல் நிறுவியது என்ற வரி பல இடங்களில் விடுபட்டது. அடர்த்தியில் 2023இல் கொரியாவுக்கு அடுத்து சிங்கப்பூர் 770, சீனா 470, ஜெர்மனி 429, ஜப்பான் 419. உலகச் சராசரி 162. சீனா தன் அடர்த்தியை நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பாக்கி ஜெர்மனியையும் ஜப்பானையும் தாண்டியது.

கொரியாவும் சிங்கப்பூரும் மேலே இருப்பதில் பொருளின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. கார், சிப், மின்னணுப் பாகங்கள்: விறைத்தவை, லட்சக்கணக்கில் ஒரே மாதிரி வருபவை. துணியையும் காலணியையும் ஏற்றுமதி செய்யும் வங்கதேசம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்தப் பட்டியலில் மேலேறாது. இரண்டாவது காரணம் வயது. டாரன் அசெமொக்லு, பாஸ்குவால் ரெஸ்ட்ரெப்போ என்ற பொருளியலாளர்கள் நாடுகளுக்கிடையிலான ரோபோ வேறுபாட்டில் ஏறக்குறைய 35 சதவீதத்தை, மக்கள் வயதாவதைக் கொண்டே விளக்க முடியும் என்று காட்டினார்கள். உடலுழைப்புக்கு ஏற்ற நடுவயதுத் தொழிலாளர் குறையும் நாடுகள் ரோபோவை நாடுகின்றன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்று 2023இல் இறங்கிய கொரியா முதலிடத்தில் இருப்பது தற்செயல் அல்ல.

தமிழ்நாட்டில் இந்த எண் 2020இல் 1.4. அப்படியானால் ஓசூரும் பர்கூரும் கொரியாவின் பாதையில் போகுமா? உடனடியாக இல்லை என்றே நினைக்கிறேன். கொரியாவுக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது: ரயில் ஏறி வரும் இளைய மாநிலங்கள். ஓசூருக்கு அருகே ஐபோன் உறைகளைச் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்றதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சரே சொன்னார். கைபேசி பொருத்தும் தொழிலில் ரோபோவின் எல்லையும் இதற்குத் துணை. ஃபாக்ஸ்கான் நிறுவனர் டெரி கோ 2011இல் மூன்று ஆண்டுகளில் பத்து லட்சம் ரோபோக்கள் என்று அறிவித்தார். அது நடக்கவில்லை. அலுமினிய உறையைச் சிஎன்சி இயந்திரத்தில் வைத்து எடுக்க ரோபோ பிரமாதமாக வேலை செய்யும். நகத்தளவு நாடாக் கேபிளை மடக்கிச் செருக இன்னும் விரல் வேண்டும். ஜார்க்கண்டிலும் பீகாரிலும் குழந்தைப் பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நமக்கு ஒரு தலைமுறை அவகாசம் இருக்கிறது எனலாம்.

அந்த அவகாசத்தில் வேலைக்கு என்ன ஆகும்? இரண்டு நாடுகளின் அனுபவம் நேர் எதிராக இருக்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2007 வரையான தரவை வைத்து அசெமொக்லுவும் ரெஸ்ட்ரெப்போவும் கண்டது: ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால் வேலைவாய்ப்பு விகிதம் 0.2 சதவீதப் புள்ளியும், கூலி 0.42 சதவீதமும் குறைகின்றன. ஜெர்மனியில் அமெரிக்காவைவிட ரோபோக்கள் நெருக்கம். ஆனால் அங்கே நடந்த ஆய்வில் மொத்த வேலை குறையவில்லை. உற்பத்தித் துறையில் குறைந்த வேலை சேவைத் துறையில் ஈடானது. ஏற்கெனவே ஆலைக்குள் இருந்தவர்கள் அதே ஆலையில் வேறு வேலைக்கு மாறினார்கள். இழப்பு, புதிதாக உள்ளே வர வேண்டிய இளைஞர்கள் மேல் விழுந்தது. இயந்திரம் ஒன்றுதான், அதைச் சுற்றியிருந்த தொழிலாளர் உரிமைகள் வேறு. ஓசூர் வட்டார ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் பெரும் பங்கு. வெல்டிங் கூடத்தில் பத்துப் பேருக்குப் பதில் ரோபோ வந்தால், நிரந்தரத் தொழிலாளியை வேறு வரிசைக்கு மாற்ற ஆலைக்குக் கட்டாயம் இருக்கிறது. பயிற்சிக் காலம் முடிந்த இளைஞனை மாற்ற யாருக்கும் கட்டாயமில்லை. பெயிண்ட் கூடத்தின் கரைப்பான் புகையிலும் வெல்டிங் புகையிலும் மனித நுரையீரல் இல்லாமல் போவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அந்த நுரையீரலுக்கு உரியவர் அடுத்து எங்கே போகிறார் என்பதை ஆலை கணக்கு வைக்க வேண்டும், அரசு அதைக் கேட்க வேண்டும்.

ஆலைக்கு வெளியே வேலை செய்யும் சேவை ரோபோக்களுக்கும் இதே இயற்பியல்தான் பொருந்துகிறது. 2024இல் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு விற்ற சேவை ரோபோக்கள் ஏறக்குறைய 2 லட்சம். அவற்றில் பாதிக்கு மேல் சரக்கை நகர்த்துபவை. கிடங்கின் தரையைச் சமமாக்கலாம், கோடு போடலாம், ஆளை விலக்கலாம். அதாவது சூழலையே ஜிக்காக மாற்றிவிடலாம். தெருவையும் வீட்டையும் அப்படி மாற்ற முடியாது. மருத்துவ ரோபோக்களின் விற்பனை அதே ஆண்டில் 91 சதவீதம் கூடி 16,700ஐ எட்டியது. 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் ரோபோ அறுவை சிகிச்சைக் கருவி வந்தது. அந்த வகைக் கருவியில் முடிவெடுப்பது முழுக்க மருத்துவர், உள்ளே அசைவது மட்டும் இயந்திரக் கை.

எங்கே முதலில் வர வேண்டும் என்று என்னைக் கேட்டால் பாதாளச் சாக்கடை என்பேன். 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து, பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அதன் பிறகும் தமிழ்நாட்டில் மனிதர்கள் விஷவாயுவில் இறந்துகொண்டிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற இளைஞர் நிறுவனம் உருவாக்கிய பாண்டிகூட் என்ற ரோபோ 2018இல் வேலைக்கு வந்தது, கும்பகோணத்துக்கும் வந்தது. ஆள்நுழைத் துளை வழியே இறங்கும் இயந்திரக் கை, மேலே திரையைப் பார்த்து இயக்கும் மனிதர். சென்னை ஐஐடியில் கழிவுநீர்த் தொட்டிகளுக்காக ஹோமோசெப் என்ற கருவியைச் செய்தார்கள். சேறு விறைத்த பொருள் அல்ல; ஆனாலும் இவை வேலை செய்கின்றன, ஏனென்றால் இங்கே நுட்பமான விரல் தேவையில்லை, அள்ளினால் போதும். தொழில்நுட்பம் தயாராக இருந்தும் பரவாததற்குக் காரணம், இதை வாங்க வேண்டியது நகராட்சி, இறப்பது ஒப்பந்தக்காரரின் தினக்கூலி. கார் ஆலையில் ரோபோவின் லாபம் வாங்கியவருக்கே வருகிறது. இங்கே அப்படி இல்லை. ஆகவே சந்தை இதைச் செய்யாது, அரசின் உத்தரவும் பணமும்தான் செய்யும்.

கடைசியாக, ரோபோவை யார் செய்கிறார்கள் என்ற கேள்வி. ஓர் ஆறு மூட்டுக் கையின் உயிர் அதன் மூட்டுகளுக்குள் இருக்கும் வேகக் குறைப்பிகளில் இருக்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது; மூட்டு மெதுவாக, துளியும் ஆட்டம் இல்லாமல் திரும்ப வேண்டும். 1950களில் வால்டன் மஸ்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்ட வழியில், மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்றின் வெளிவிளிம்பில் 200 பற்கள், அதைச் சூழ்ந்த வளையத்தின் உள்விளிம்பில் 202 பற்கள். நீள்வட்ட உருளை ஒன்று உள்ளே சுழன்று கிண்ணத்தை வளைத்துப் பற்களைக் கோக்கிறது. உருளை ஒரு முழுச் சுற்று வந்தால் கிண்ணம் இரண்டு பல் மட்டுமே நகரும்: நூறில் ஒரு பங்கு. கோடிக்கணக்கான முறை வளைந்தும் விரிசல் விடாத அந்த எஃகைச் செய்வதில் ஜப்பானிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் தனித்து நின்றன. சுசோவின் லீடர்டிரைவ் மாதிரியான சீன நிறுவனங்கள் இப்போது அதைச் செய்கின்றன. சீனச் சந்தையில் உள்நாட்டு ரோபோ நிறுவனங்களின் பங்கு பத்தாண்டுகளில் 28 சதவீதத்திலிருந்து 2024இல் 57 சதவீதமாக ஏறியது.

இந்தியாவில் நிறுவப்படும் கைகளில் பெரும்பாலானவை ஜப்பான், ஐரோப்பிய, சீன நிறுவனங்களுடையவை. ஆனால் நுண்ணிய பற்சக்கரத்தின் அறிவு ஓசூருக்குப் புதிதல்ல. 1984இல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக் கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுத்தது. தன் கடிகாரத்துக்காக வளர்த்த நுண்பொறியியலை வைத்து, டைட்டன் இன்ஜினியரிங் அண்ட் ஆட்டோமேஷன் என்ற தனி நிறுவனமே உருவாகி, மற்ற ஆலைகளுக்குத் தானியங்கி வரிசைகளைச் செய்து கொடுக்கிறது. கடிகாரச் சக்கரத்திலிருந்து ரோபோ மூட்டு நேரடியாக வந்துவிடாது. சுமையும் உலோகமும் வேறு. ஆனால் மைக்ரான் கணக்கில் பல்லை அளக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர் தமிழ்நாட்டில் இதைவிட வேறு எது?

பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, சிப்காட் வட்டாரத்துக்கு அருகிலேயே. தொழில் ரோபோ ஒன்றின் சராசரி ஆயுளை 12 ஆண்டுகள் என்று கூட்டமைப்பு கணக்கில் வைக்கிறது. 2021, 2022இல் இந்த வட்டாரத்தில் நிறுவிய கைகள் 2033, 2034 வாக்கில் கழிவாகத் தொடங்கும். அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் கல்லூரிப் பட்டறைக்கும் பக்கத்து ஐடிஐகளுக்கும் கொடுக்கும்படி சிப்காட் இப்போதே ஆலைகளோடு எழுதி வாங்கிக்கொள்ளலாம். மாணவர் ஒருவர் மூட்டைப் பிரித்து, கிண்ணத்தை வெளியே எடுத்து, தேய்ந்த பல்லை அளந்து, எந்த எஃகு, என்ன வெப்பப் பதம் என்று கண்டுபிடித்து, அதே மாதிரி ஒன்றைக் கடைந்து பொருத்திப் பார்க்கட்டும். முதல் கிண்ணம் விரிசல் விடும். எத்தனையாவது சுழற்சியில் விட்டது என்று குறித்துவைக்க வேண்டும்.